தறிக்குழியில் கிடந்த எலுமிச்சை

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த காபி டம்ளர் கீழே விழுந்து உருண்டது. முப்பது வருஷமாக அந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன். பரமசிவம் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தறிக்குழிக்குள் பாம்பு புகுந்துவிட்டதோ என்று நினைத்து, கையில் கிடைத்த துடைப்பத்தோடு ஓடினேன்.

பாம்பாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. அடித்துத் தூக்கிப் போட்டிருப்போம்.

நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் பள்ளம்தான் தறிக்குழி. அதற்குள், கால் வைத்து மிதிக்கும் கட்டைக்குப் பக்கத்தில், ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது. நன்றாகப் பழுத்த மஞ்சள் பழம். அதன் மேல் குங்குமத்தைக் கரைத்துத் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். இரண்டு முட்கள் ஆழமாகக் குத்தியிருந்தன. போதாக்குறைக்கு, அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு இழை பழத்தை நாலைந்து சுற்றுச் சுற்றி முள்ளில் போய் முடிந்திருந்தது.

சிவப்பு, முள், நூல். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"தொட்டுடாதீங்க!" என்று கத்தினேன்.

அவர் எங்கே தொட்டார்? சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வேட்டி முனையைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அந்தக் கை நடுங்கினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தானோ என்னவோ, பழத்தைப் பார்த்தபோது வராத பயம் அந்தக் கையைப் பார்த்தபோது வந்தது.

ஒரு மாதமாகவே வீட்டில் எதுவும் சரியில்லை. தறியில் ஏறியிருந்தது ஒரு முகூர்த்தப் புடவை. நீளவாக்கில் ஓடும் பாவு இழை தினமும் அறுந்தது. ஒன்றை முடிந்து நிமிர்வதற்குள் இன்னொன்று அறும். ஆடிக் காற்று வறட்டுக் காற்று, பட்டு காய்ந்துபோய் அறுகிறது என்று சொல்லிக்கொண்டு தறியைச் சுற்றித் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். நடுவில் ஒருநாள் படியில் கால் தவறி விழுந்து மணிக்கட்டு வீங்கியது. பிறகு நான்கு நாள் காய்ச்சல். இத்தனைக்கும் நடுவில் இது.

எதிர் வீட்டுக் கமலாட்சி வந்துவிட்டாள். யார் வீட்டில் சத்தம் கேட்டாலும் அடுப்பில் பால் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஓடி வருகிற பெண் அவள். குழிக்குள் எட்டிப் பார்த்தாள், வாயில் கையை வைத்தாள், மூன்று அடி பின்னால் போனாள்.

"அம்சா, இது சும்மா போட்டது இல்ல. செய்வினை வச்சிக் குடுத்திருக்காங்க. உன் வீட்டுக்காரர் காலு வைக்கிற எடமா பாத்து வச்சிருக்காங்க பாரு."

"யாருக்கா எங்களுக்குப் போய் இதப் பண்ணுவாங்க?"

"பின்பக்கமா யாரு வந்துக்கினு போய்க்கினு இருக்காங்க? அதை யோசி."

பின்பக்கம் வந்து போவது ஒருத்திதான். மாடி வீட்டு ஏஞ்சல்.

ஏஞ்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடிப் போர்ஷன் ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. அப்போது ஏஞ்சலும் அவள் புருஷன் ஜோசுவாவும் வந்து கேட்டார்கள். ஜோசுவாவுக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஏஞ்சலுக்கு வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு நர்சரியில் செடி ஒட்டுக் கட்டுகிற வேலை. சொந்த ஊர் தென்னேரி. அங்கே மாமியார் வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர். எங்கள் பக்கத்தில் ஏழு வீடு ஏறி இறங்கிவிட்டு எட்டாவதாக என்னிடம் வந்திருந்தாள். பெயரைக் கேட்கும்வரை எல்லா வீடும் காலியாக இருந்ததாம். பெயரைக் கேட்டதும், இப்போதுதான் வேறு ஆளுக்குப் பேசிவிட்டோம் என்றார்களாம். இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எவ என்னா சொல்றான்னு நானும் பாக்கறேன், நீ பொட்டியத் தூக்கிக்கினு வா" என்றேன். தெருவில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். நாலு பேருக்கும் தனித்தனியாகப் பதில் கொடுத்தேன். அதில் எனக்கு நல்ல பெருமை. கோயிலுக்குப் போனால்கூட, நான் அந்த மாதிரி ஆள் இல்லை தாயே என்று காமாட்சியம்மனிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு வருகிற அளவுக்குப் பெருமை. என் பெரிய மனசை நானே தினம் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

வந்த முதல் மாதமே ஏஞ்சல் இரண்டு செடி கொண்டுவந்தாள். பெரிய பையில் இடுப்பு உயரத்துக்கு ஓர் எலுமிச்சை, இன்னொரு பையில் ஒரு மாதுளை.

"முள்ளு மரம் வீட்ல வேணாண்டி" என்றேன்.

"முள்ளு இல்லாம எலுமிச்சைக்கு நான் எங்க போறதுக்கா? நீங்க பாத்து நடந்துக்குங்க, அது ஒண்ணும் நடந்து வந்து குத்தாது" என்றாள்.

பின்கட்டில் சாயச் சட்டி வைக்கும் அடுப்புக்கு இந்தப் பக்கம் எலுமிச்சை, அந்தப் பக்கம் மாதுளை. அடியிலிருந்து பத்துப் பதினைந்து தண்டு கிளம்பிப் புதராகிவிடப் பார்த்த மாதுளையை நாலே தண்டாக நிறுத்தினாள். எலுமிச்சை இலையில் காக்கை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவைக் கையாலேயே பிடித்துப் போட்டாள். மாதுளையில் காய் வந்ததும் புழு துளைக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்டினாள். "இன்னாடி, காய்க்கெல்லாம் கவுனு தச்சுப் போட்ருக்க" என்று கேலி செய்வேன். முதல் பழத்தை உடைத்தபோது உள்ளே முத்து முத்தாக இருந்ததைப் பார்த்து, கடைப் பழத்தையெல்லாம் இனிமேல் மனுஷி வாங்குவாளா என்று நான்தான் சொன்னேன். ஆடி வெள்ளிக்கு எலுமிச்சை மூடியில் விளக்கேற்ற நான் கிளம்பினால், முள்ளுக்குள் கையை விட்டு ஒன்பது பழம் பறித்து என் கூடையில் போடுவாள். வேதக்காரப் பெண் பறித்துக் கொடுத்த பழத்தில்தான் இரண்டு வருஷமாக அம்மனுக்கு விளக்கு எரிந்தது. எனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை. அந்தக் குறை எனக்கு மூன்று வருஷம் மறந்துபோயிருந்தது.

இவ்வளவும் கமலாட்சிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும், அந்தக் காலையில் அவள் சொன்னது என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"அவங்க மதத்துல இதெல்லாம் கெடையாதேக்கா" என்றேன். என் அறிவு அவ்வளவு தூரம்தான் எட்டியது.

"மதம் மாறிட்டா பழசெல்லாம் மறந்தா போய்டும்? அதோ பாரு, அந்த இழை உங்க வூட்டுப் பட்டுதானே? வெளியாளுக்கு அது எங்கேருந்து கெடைக்கும்?"

இழை எங்கள் வீட்டுப் பட்டுதான். அதை நான் பார்த்த உடனே கண்டுகொண்டேன். ஓரத்துக்கு வேண்டிய அரக்கு நூலுக்கு நானேதான் சாயம் போடுவேன். என் கை நிறம் எனக்குத் தெரியாதா?

பரமசிவம் மட்டும் மெல்ல, "அந்தப் பொண்ணு அப்டிச் செய்யாதும்மா" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்று அவர் வாயை அடைத்தேன். அவர் சும்மா இருந்துவிட்டார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாவது என் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா இந்த மனிதர்?

பழத்தை இரண்டு குச்சியால் எடுத்து ஒரு பழைய தகரத்தில் போட்டுப் பின்கட்டுத் துவைக்கிற கல் மேல் வைத்தேன். நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. சாயங்காலம்வரை அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து என்னை நானே கொதிக்க வைத்துக்கொண்டேன்.

ஐந்தரைக்கு ஏஞ்சல் வந்தாள். தோளில் பை, கையில் ஒரு மூட்டை வேப்பம்புண்ணாக்கு. "அக்கா, மாதுளைக்கு இத வச்சிரலாம், வேர்ல பூச்சி இருக்கற மாதிரி…" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"இது இன்னா?" என்று தகரத்தைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தாள். யாரும் தொடப் பயந்த பழத்தைச் சட்டென்று கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முள்ளைத் தொட்டாள். ஒரு தடவை தலையைத் திருப்பி எலுமிச்சை மரத்தையும் அதை ஒட்டியிருக்கும் தறி அறை ஜன்னலையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

நான் விடவில்லை. அவர் விழுந்தது, காய்ச்சல், அறுந்த இழை எல்லாவற்றையும் அவள் தலையில் கொட்டினேன். வீடு கொடுத்ததைச் சொன்னேன். தெருவையே எதிர்த்ததைச் சொன்னேன். சாம்பார் கொடுத்தது, ரசம் கொடுத்தது எதையும் விடவில்லை. கடைசியில்,

"எவ்ளோ செஞ்சாலும் உங்க ஆளுங்க புத்தி எங்க போவும்?" என்றேன்.

இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மீதியைச் சொன்னால் நான் யோக்கியமானவள் ஆகிவிடுவேன். அதனால் எழுதிவிட்டேன்.

திறந்த வாயை ஏஞ்சல் மூடிக்கொண்டாள். பழத்தைத் தகரத்தில் அது இருந்த மாதிரியே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணனும் இப்டித்தான் நெனைக்கறாராக்கா?" என்று கேட்டாள்.

உள்ளே பரமசிவம் தறியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுகிற தூரம்தான். ஒரு சத்தமும் வரவில்லை.

"சரிக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற ஒரு சின்ன வண்டி வந்தது. ஜோசுவா கட்டிலைப் பிரித்து இறக்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏஞ்சல் சாவியை என் கையில் தராமல் படிக்கட்டுச் சுவரில் வைத்தாள். போகும்போது பின்கட்டுக்குப் போய் மாதுளைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். அதற்கும் கமலாட்சி ஒரு அர்த்தம் சொன்னாள்.

அப்புறம் வீடு நிம்மதியாகிவிட வேண்டும் அல்லவா? ஆகவில்லை. இழை அறுவது நிற்கவில்லை. மாடியில் நடமாட்டம் இல்லாத வீட்டில் எனக்குத்தான் தூக்கம் அறுந்தது. மரங்களை வெட்டிவிடச் சொன்னேன். ஆடி முடியட்டும் என்றார் பரமசிவம். அந்தப் பத்து நாளில் அவர் என்னோடு பேசியது மொத்தம் இருபது வார்த்தை இருக்கும்.

பத்தாம் நாள், புதன்கிழமை, புடவை ஓரத்துக்கு அரக்கு நூல் தீர்ந்துவிட்டது. பின்கட்டில் அடுப்பு மூட்டிச் சாயம் போட்டேன். சட்டியிலிருந்து எடுத்த நூல் சிட்டத்தைக் கழியில் மாட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். பிறகு ஓங்கி இரண்டு உதறு உதற வேண்டும். அப்போதுதான் பட்டு இழை இழையாகப் பிரியும். இருபத்தைந்து வருஷமாக அதே இடத்தில் நின்று உதறுகிறேன். அடுப்புக்கு இந்தப் பக்கம் எலுமிச்சை மரம் வந்த பிறகும் நான் இடம் மாறவில்லை. காற்று வேறு பேய்க்காற்று. கிளைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன.

உதறினேன். தெறித்த சாயத்தில் ஒரு சொட்டு என் கண்ணுக்குள் விழப் பார்த்தது. முகத்தைத் திருப்பினேன். எதிரே, என் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில், ஒரு எலுமிச்சங்காய் ஆடிக்கொண்டிருந்தது.

பச்சைக் காய். அதன் மேல் அப்போதுதான் விழுந்த சிவப்புச் சொட்டு கீழே வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் காய்ந்துபோன பழைய சிவப்புப் புள்ளிகள். பக்கத்துக் கிளையின் முள் ஒன்று அதன் விலாவில் ஏறியிருந்தது. காற்று அடிக்க அடிக்க, என் கண் முன்னாலேயே, அந்த முள் உள்ளே போய் வெளியே வந்து உள்ளே போனது.

கழியைக் கீழே போட்டுவிட்டேன். பட்டு மண்ணில் விழுந்தது. அதைக்கூட எடுக்கத் தோன்றவில்லை. மரத்தை ஒவ்வொரு கிளையாக விலக்கிப் பார்த்தேன். முள் கையைக் கிழித்தது. மேலே, தறி அறை ஜன்னல் கம்பிக்குள் நீட்டிக்கொண்டிருந்த கிளையில், ஒரு மஞ்சள் பழம். அதில் இரண்டு முட்கள். ஒரு முள் முறிந்து பழத்தோடேயே நின்றது. நான் உதறும்போது பறந்துபோன பட்டு இழை ஒன்று முள்ளில் மாட்டி, பழம் காற்றில் சுழலச் சுழல அதைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. காம்பு இன்னும் மரத்தில் இருந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம். அந்தக் காம்பு இற்றுப் போனால், பழம் நேராக ஜன்னல் வழியாகத் தறிக்குழிக்குள்தான் விழும்.

முள் மரத்தினுடையது. குத்தியது காற்று. சிவப்பு என் சட்டியில் இருந்தது. இழை என் கையிலிருந்து போனது. செய்வினை வைத்தது யார் என்று ஊரெல்லாம் தேடினேனே, அது நான்தான்.

மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "ஏங்க! ஏங்க!" என்று கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். பரமசிவம் ஓடி வந்தார். மரத்தைக் கையால் காட்டினேன். அவர் அந்தப் பழத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கீழே கிடந்த கழியைப் பார்த்தார். நெய்கிறவர் கண்ணுக்கு இழை போகிற வழியை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றார். தலையில் கையை வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

எனக்கு முதலில் வந்தது அதிர்ச்சி. அது கொஞ்சம் இறங்கியதும் வந்ததைச் சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். சந்தோஷம் வந்தது. ஏஞ்சல் கெட்டவள் இல்லை! என் ஏஞ்சல் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள்! ஓடிப்போய்க் கத்தரி எடுத்து வந்து, பழமும் முள்ளும் இழையும் கலையாமல் அந்தக் கிளையை அப்படியே வெட்டினேன். ஒரு மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு, கட்டியிருந்த சாயக் கறைப் புடவையோடேயே பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு. மடியில் பையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டேன். கிளையைக் காட்டுவேன். அவள் அழுவாள். நானும் அழுவேன். இந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டிலும் பீரோவும் திரும்ப மாடிக்கு வந்துவிடும். கமலாட்சி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தித்தான் சாமான் இறக்கச் சொல்லுவேன். இதெல்லாம் நடந்தே முடிந்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்றுகூடச் சொன்னேன்.

நர்சரி சாலையோரத்திலேயே இருந்தது. பச்சை வலை கட்டிய பந்தலுக்குக் கீழே வரிசை வரிசையாகப் பைகள்: சாத்துக்குடி, நார்த்தை, கொழிஞ்சி, எலுமிச்சை. கடைசி வரிசையில் பூவோடு நின்ற மாதுளைகளுக்கு நடுவே ஏஞ்சல் முக்காலியில் உட்கார்ந்து பதியன் கட்டிக்கொண்டிருந்தாள். கிளையில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் சீவி எடுத்துவிட்டு, ஈரத் தென்னை நாரை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினாள். இளைத்திருந்தாள்.

"ஏஞ்சலு!"

நிமிர்ந்தாள். "வாங்கக்கா" என்றாள். கை நிற்கவில்லை.

அந்த 'அக்கா'வைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. பையிலிருந்து கிளையை உருவி அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பாருடி! மரந்தான்! காத்துல மரமே குத்திக்குது. செவப்பு நான் ஒதறின சாயம். நூலும் என்னுதுதான். யாரும் எதுவும் வைக்கல. நீ ஒண்ணுமே பண்ணல ஏஞ்சலு!"

"நான் பண்ணலன்றது எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள்.

"அதில்ல, அது எப்டி வந்துச்சுன்னு…" என்று இழுத்தேன்.

"அதுவும் அன்னிக்கே தெரியும். கையில எடுத்துப் பாத்தனே. எலுமிச்சையில இது சாதாரணமா நடக்கறதுதான்கா. காத்துக் காலத்துல இங்கயே கூடை கூடையா ஒதுக்கறோம்."

"தெரிஞ்சுக்கினா சொல்லாம போன? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனேடி!"

ஏஞ்சல் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நம்பியிருப்பீங்க. அதனாலதான்கா சொல்லல."

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்திலேயே இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க எங்க ஆளுங்க புத்தின்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்பறம் நான் மரத்தக் காமிச்சிருந்தா, ஐயோ தப்பா நெனச்சுட்டனேன்னு கட்டிப் புடிச்சிருப்பீங்க. அன்னிக்கே மாடிக்குக் கொழம்பு வந்திருக்கும். நானும் சிரிச்சிக்கினு சாப்ட்டிருப்பேன். அடுத்த தபா அண்ணனுக்கு ஒடம்பு முடியாம போனா? வீட்ல ஒரு பொருள் காணாம போனா? அப்பவும் நான் மரத்தையோ காத்தையோ சாட்சிக்குக் கூட்டிக்கினு வரணும். எவ்ளோ நாளைக்குக்கா?"

"கோவத்துல வந்துட்ச்சுடி…"

"பழத்துக்கு இந்தக் கிளை பதில் சொல்லிடுச்சு. அந்த வார்த்தைக்கு எந்தக் கிளைய வெட்டிக்கினு வருவீங்க?"

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பஸ்ஸில் வரும்போது எத்தனையோ பேசிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு நற்செய்தி சொல்ல வந்திருக்கிறேன். அவள் நல்லவள் என்று அவளுக்கே சொல்ல வந்திருக்கிறேன்.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

"சரிக்கா" என்றாள். மனசில் எதையும் வைத்துக்கொண்டு சொன்னதாகத் தெரியவில்லை. சரி என்றுதான் சொன்னாள்.

"வீடு காலியாத்தான் இருக்குது."

"வேணாம்கா. தென்னேரிலேருந்தே பழகிடுச்சு."

ஒரே அறையில் எட்டுப் பேர், இவர்களும் போய் இப்போது பத்து. அது எப்படிப் பழகும்? அவள் எழுந்து என் கையிலிருந்த கிளையை வாங்கினாள்.

"பஸ்ல யார் மேலயாவது குத்திடப் போவுது" என்று சொல்லி, இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்து முட்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். பழத்தில் இருந்த முள்ளையும் பிடுங்கினாள். சுற்றியிருந்த பட்டு இழையை உருவிக் கீழே போட்டாள். அவள் திருப்பிக் கொடுத்தபோது அது இலையும் ஒரு பழமும் உள்ள வெறும் எலுமிச்சங்கிளை. அதை வைத்து இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது.

அந்த நேரத்தில் நர்சரிக்காரம்மா தண்ணீர்க் குழாயோடு அந்தப் பக்கம் வந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "யாரு ஏஞ்சல், உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

நான் ஏஞ்சலின் வாயைப் பார்த்தேன். மூன்று வருஷமாக யார் கேட்டாலும் அவள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: எங்க அக்கா.

"இல்ல மேடம்" என்றாள் ஏஞ்சல். "முன்னாடி குடியிருந்த வீட்டு ஓனரம்மா."

சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த மாதுளைக் கிளையைப் பிடித்து, பட்டையைச் சீவ எங்கே கத்தி வைக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தாள். இப்படி ஒரு அடியை நான் என் ஆயுளில் வாங்கியதில்லை. அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

எப்படி ரோட்டுக்கு வந்தேன், எப்படி பஸ் ஏறினேன் என்று நினைவில்லை. கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். வீட்டுக்கு என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது.